2.0: வில்லனுக்காக ஒரு வக்காலத்து

படம் ஆரம்பித்த உடனேயே வில்லன் செத்துவிடுகிறார். ஒரு கிழவர். தொட்டால் ஒடிந்துவிடுகிற மாதிரி உடம்பு. செல்போன் டவரில் ஏறித் தூக்குப் போட்டுக்கொள்கிறார். சுற்றிலும் பறவைகள் கத்திக்கொண்டே வட்டமடிக்கின்றன. அதற்கப்புறம் மிச்சமிருக்கிற இரண்டரை மணி நேரமும் அவருடைய ஆவியை அடக்குவதுதான் கதை. யோசித்துப் பார்த்தால் இது பேய்ப்படம்! ஷங்கரின் 2.0வை எல்லோரும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்றுதான் சொன்னார்கள். பேய் ஓட்டுகிறவர் வேப்பிலைக்குப் பதிலாக லேப்டாப் வைத்திருந்தால் அது சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆகிவிடும் போல.

கொஞ்சம் முன்கதை. 2010 அக்டோபர் 1ஆம் தேதி எந்திரன் வந்தது. அதன் கடைசியில் சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொண்டு மியூசியத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் பாகம் வருவதற்கு எட்டு வருடம் ஆனது. 2017 தீபாவளி என்றார்கள், 2018 ஜனவரி என்றார்கள், கிராஃபிக்ஸ் முடியவில்லை என்றார்கள். ஒரு வழியாக 2018 நவம்பர் 29 அன்று வந்து சேர்ந்தது. செலவு 500 கோடிக்கு மேல் என்று பேச்சு. அந்தப் பணத்தில் எத்தனை ஊருக்கு நல்ல பஸ் ஸ்டாண்டு கட்டியிருக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, அவர்களும் டிக்கெட் எடுத்துத்தான் பார்த்தார்கள்.

சிட்டி சூப்பர் ஹீரோவா, வெறும் ரோபோவா என்று ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். பறக்கிறார், சுடுகிறார், ஊரைக் காப்பாற்றுகிறார், உடைந்தால் திரும்ப எழுந்து வருகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? தமிழில் சூப்பர் ஹீரோவாகக் கிளம்பியவர்கள் பலர். சேவல் வேஷத்தில் வந்த கந்தசாமி (2009), மிஷ்கினின் முகமூடி (2012), சிவகார்த்திகேயனின் ஹீரோ (2019), மாவீரன் (2023). யாரும் இரண்டாவது தடவை திரும்பி வரவில்லை. வந்தது சிட்டி மட்டும்தான். இந்திப் பக்கம் கிருஷ் வரிசையில் மூன்று படம் ஓடிவிட்டது, அது வேறு கதை.

குறைகளை முதலில் சொல்லித் தீர்த்துவிடலாம். நிறைய இருக்கின்றன, சொல்வதற்கும் ஜாலியாக இருக்கும்.

எந்திரனுக்கு வசனம் எழுதியவர்களில் சுஜாதாவும் ஒருவர். படம் வருவதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில், அவர் இறந்துவிட்டார். ஆனால் அவருடைய குறும்பு அந்தப் படம் முழுக்க இருந்தது. 2.0வுக்கு ஷங்கரோடு சேர்ந்து எழுதியவர் ஜெயமோகன். பெரிய எழுத்தாளர்தான், ஆனால் படத்தில் சிரிப்பு வறட்சி. முதல் பாகத்தில் சிட்டி துணி துவைத்தது, சமைத்தது, பிரசவம் பார்த்தது, காதலித்தது, பொறாமைப்பட்டது. இரண்டாம் பாகத்தில் சிட்டிக்குச் சண்டை போடுவது மட்டும்தான் வேலை. சிவப்பு சிப் மாட்டிய 2.0 வந்து தலையைச் சாய்த்துச் சிரிக்கும்போதுதான் தியேட்டருக்கே உயிர் வருகிறது. அதற்குப் படம் முக்கால்வாசி ஓடியிருக்க வேண்டும்.

ஐஸ்வர்யா ராய் கிடையாது. சனா போனில் பேசுகிறார், குரல் மட்டும். செல்போன் கெட்டது என்று சொல்வதற்காகவே எடுத்த படத்தில் கதாநாயகி செல்போனுக்குள்ளேயே குடியிருக்கிறார்! இதை யாரும் வேண்டுமென்று செய்த மாதிரித் தெரியவில்லை. ஷங்கர் படம் என்றால் பாட்டுக்கு ஒரு தேசம் போவார்கள். இதில் ‘எந்திர லோகத்து சுந்தரியே’ வருவதற்குள் கதையே முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. எழுந்து கதவு வரை போனவர்கள் படிக்கட்டிலேயே நின்று பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை ஏனோ அதிகம் பேர் பேசவில்லை. எந்திரனில் சிட்டி கொசுவிடம் பேசும். கொசுக்களைக் கூப்பிட்டு வைத்துப் பேச்சுவார்த்தையே நடத்தும். ஒரு கொசுவோடு பேசத் தெரிந்த ரோபோவுக்கு இரண்டாம் பாகத்தில் வானம் நிறையப் பறவைகள் கிடைக்கின்றன. ஒரு குருவியிடமாவது ‘உனக்கு என்ன பிரச்சினை’ என்று கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் படமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

சரி, இவ்வளவு குறை இருந்தும் படம் போரடித்ததா? இல்லை. அதுதான் வேடிக்கை.

சென்னையில் ஜனங்களின் கையிலிருந்து செல்போன்கள் விருட்டென்று மேலே பறக்கிற முதல் காட்சியே போதும். காதிலிருந்து, பாக்கெட்டிலிருந்து, ஷோரூம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு, எல்லாம் மேலே போகிறது. ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு ஆகாயத்தைப் பார்க்கிறார்கள். ராத்திரியில் செல்போன்கள் வெளிச்சத்தோடு ரோட்டில் வெள்ளம் மாதிரி ஓடி வரும். வீட்டுச் சுவரில் கரப்பான் பூச்சி மாதிரி ஏறும். எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரு ராட்சசக் கழுகாகும், அதன் ஒவ்வொரு இறகும் ஒரு செல்போன் திரை. இதை வேறு எந்த நாட்டு சூப்பர் ஹீரோ படத்திலும் பார்த்திருக்க முடியாது. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துச் சுட்டது என்று எதையும் சொல்லிவிடுகிற ஆட்கள்கூட இந்தக் கழுகுக்கு மூலம் கண்டுபிடிக்கத் திணறினார்கள். 

3டியும் பிறகு ஒட்டவைத்தது இல்லை, 3டி கேமராவிலேயே எடுத்தது. கிராஃபிக்ஸ் மேற்பார்வை ஸ்ரீனிவாஸ் மோகன், ஒளிப்பதிவு நிரவ் ஷா. புதுச்சேரிக்காரர்களுக்கு 3டியில் கம்ப்யூட்டர் மிருகம் பார்ப்பது புதிதில்லை. 2012இல் வந்த ஆங் லீயின் லைஃப் ஆஃப் பை படத்தின் கதை தொடங்குவதே இந்த ஊரில்தான், இங்கேயே படப்பிடிப்பும் நடந்தது. அந்தப் புலி நிஜப்புலி என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. 2.0வின் கழுகை நிஜம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டிய அவசியமும் இல்லை, திருவிழாவில் சூரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தால் சரி.

இப்போது அந்தக் கிழவருக்கு வரலாம். வக்காலத்து அவருக்குத்தானே.

பட்சிராஜன் ஒரு பறவை ஆராய்ச்சியாளர். அக்‌ஷய் குமாரின் தாடி, கண்ணாடி, மெலிந்த உடம்பு எல்லாமே சாலிம் அலியை ஞாபகப்படுத்துகிற மாதிரி அமைத்திருப்பார்கள். மூச்சில்லாமல் பிறந்த குழந்தைக்கு ஒரு சிட்டுக்குருவி உயிர் கொடுப்பதாகக் கதை. நிஜ சாலிம் அலியின் (1896-1987) வாழ்க்கையிலும் ஒரு குருவி உண்டு, ஆனால் அது நேர் எதிர். சின்னப் பையனாக இருந்தபோது ஏர்கன்னால் அவர் சுட்டு வீழ்த்திய குருவி அது. கழுத்தில் மஞ்சள் அடையாளம் இருந்ததால் என்ன பறவை என்று தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்துதான் அவருடைய பறவை வாழ்க்கையே ஆரம்பம். சுயசரிதைக்கும் அந்தக் குருவி விழுந்ததையே தலைப்பாக வைத்தார். சினிமாவில் வருவதைவிட இது எவ்வளவு நல்ல கதை! கொன்றவன்தான் பிறகு காவல்காரனானான்.

படத்தின் ஃபிளாஷ்பேக்கில் பட்சிராஜன் மனு கொடுக்கிறார், கோர்ட்டுக்குப் போகிறார், கெஞ்சுகிறார். யாரும் கேட்கவில்லை. அமைச்சர் கேட்கவில்லை, கம்பெனி முதலாளி கேட்கவில்லை, செல்போன் வாங்க வந்தவர்களும் கேட்கவில்லை. பறவைகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுகின்றன. ‘புள்ளினங்காள்’ பாட்டு இங்கேதான் வருகிறது. நா. முத்துக்குமார் எழுதியது. 2016 ஆகஸ்டில் அவர் போய்விட்டார், படத்தைப் பார்க்கவில்லை. பாடியவர்களில் ஒருவரான பம்பா பாக்யாவும் 2022இல் போய்விட்டார். இப்போது அந்தப் பாட்டைக் கேட்கிறவர்களுக்குப் பறவைகளோடு இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஞாபகம் வருகிறார்கள். புள் என்கிற பழைய சொல்லைச் சினிமாப் பாட்டின் முதல் வார்த்தையாக வைக்கத் துணிந்ததற்காகவே முத்துக்குமாருக்கு ஒரு கும்பிடு.

இந்த ஃபிளாஷ்பேக் முடியும்போது தியேட்டரில் ஒரு சின்னப் பையன் பக்கத்தில் இருப்பவரிடம், ‘தாத்தா, அந்த பட்சி தாத்தா நல்லவரா கெட்டவரா?’ என்று கேட்டால் தாத்தா என்ன சொல்வார்? ‘நல்லவர்தான்டா, ஆனா...’ என்று இழுக்க வேண்டியதுதான். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு சொல்வதற்குப் படத்திடம் எதுவும் இல்லை.

ஸ்பைடர்மேன் 2 (2004) பார்த்தவர்களுக்கு டாக்டர் ஆக்டோபஸ் நினைவிருக்கும். முதுகில் நான்கு இரும்புக் கை முளைத்த விஞ்ஞானி. அவரும் நல்லவர்தான், ஆனால் பிடிவாதம் மூளையைத் தின்றுவிடுகிறது. கடைசியில் பீட்டர் பார்க்கர் முகமூடியைக் கழற்றிவிட்டு அவரோடு பேசுகிறான். அவர் கேட்கிறார். தான் செய்த மெஷினைத் தானே ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய் மூழ்குகிறார். வில்லனுக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது.

பட்சிராஜனுக்கு என்ன கிடைத்தது? ஸ்டேடியத்தில் பிரம்மாண்டமான சண்டை. 2.0வால் ஜெயிக்க முடியவில்லை. அப்போது விரல் நீளத்துக்குக் குட்டிக் குட்டி ரோபோக்கள், 3.0 என்று பெயர், புறாக்களின் மேல் சவாரி செய்துகொண்டு வருகின்றன. பார்க்க அவ்வளவு அழகு, குழந்தைகள் குதித்திருப்பார்கள். வந்து என்ன செய்கின்றன? அடங்காவிட்டால் இந்தப் புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைகளுக்காக உயிரைவிட்ட மனுஷன், பறவைகளுக்காகவே தோற்றுப்போகிறார். பணயக்கைதியைப் பிடித்து மிரட்டுவது இத்தனை வருடமாக வில்லன்களின் வேலையாக இருந்தது. தலைவர் படத்தில் தலைவர் பக்கம் அதைச் செய்கிறது, தியேட்டரும் கை தட்டுகிறது. இதை ஷங்கர் தெரிந்து வைத்தாரா, தெரியாமல் வந்து விழுந்ததா என்பது பெரிய கேள்வி. தெரிந்து வைத்திருந்தால் அது தமிழ் சினிமாவிலேயே மிகக் கசப்பான ஹீரோயிசம்.

பேசி முடித்திருக்கலாம் என்று தோன்றுகிறதா? அதுதான் கொசுவிடம் பேசிய சிட்டி.

பட்சிராஜன் சொன்னதெல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை. வக்காலத்து வாங்கினாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். டவர் கதிர்வீச்சால்தான் சிட்டுக்குருவி அழிந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2020இல் இந்தியப் பறவைகளின் நிலை என்று ஒரு பெரிய அறிக்கை வந்தது. நாடு முழுக்கப் பறவை பார்க்கிறவர்கள் எழுதி வைத்த குறிப்புகளை வைத்துச் செய்தது. அதன்படி சிட்டுக்குருவி இந்தியா முழுக்கப் பார்த்தால் பெரிதாகக் குறையவில்லை, பெரிய நகரங்களில்தான் குறைந்திருக்கிறது. டவர் மேல் போடுகிற பழிக்கு இப்போதிருக்கும் சான்றுகள் துணை நிற்கவில்லை என்றும் அதிலேயே சொல்லியிருந்தார்கள். வெளியீட்டுக்கு முன் செல்போன் கம்பெனிகளின் சங்கம், படம் செல்போனைப் பற்றி அவதூறு பரப்புகிறது என்று சென்சார் போர்டுக்குப் புகார் அனுப்பியது. ஒரு ஷங்கர் படத்தின் விஞ்ஞானத்தை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

நிஜத்தில் கூட்டம் கூட்டமாகச் செத்தவை பாறுக் கழுகுகள். 1990களில் ஆரம்பித்துப் பதினைந்து வருடத்துக்குள் வெண்முதுகுப் பாறு என்கிற இனம் இந்தியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போனது. காரணம் டவர் இல்லை, ஆவி இல்லை. மாட்டுக்கு வலி போக்கப் போடுகிற டைக்ளோஃபெனாக் ஊசி. அந்த மாடு செத்தால் அதைத் தின்கிற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். 2004இல்தான் இது நிரூபணமானது, 2006இல் இந்தியாவில் மாட்டுக்கு அதைப் போடத் தடை வந்தது. புதுச்சேரியிலிருந்து சென்னை போகிற வழியில் உள்ளே திரும்பினால் திருக்கழுக்குன்றம். மலை உச்சியில் தினமும் மதியம் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகும் என்பது ஊர் பேர் சொல்லும் சங்கதி. இப்போது அவை வருவதில்லை. வயதானவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சிட்டுக்குருவியின் சங்கதி இன்னும் சாதாரணம். அதற்கு வேண்டியது சுவரில் ஒரு பொந்து, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி, கொத்துவதற்குக் கொஞ்சம் தானியம். புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்களில் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் இருந்தவரை இதற்கெல்லாம் பஞ்சமில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து, சாமி படத்துக்குப் பின்னால் ஒரு சந்து. முற்றத்தில் அரிசி புடைத்தால் உமியோடு நாலு மணி விழும். அந்த வீடுகளை இடித்து மூன்று மாடி கட்டி, அதிலும் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு ஏசி வைத்துவிட்டால் குருவி எங்கே போகும்? கடற்கரைச் சாலையில் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தையாவது பழைய சாயலில் திரும்பக் கட்டினார்கள். சாதாரண ஓட்டு வீட்டை யார் திரும்பக் கட்டப் போகிறார்கள்? ஆனால் இதைப் படமாக எடுக்க முடியாது. ‘வில்லன்: கான்கிரீட்’ என்று போட்டால் எந்தத் தயாரிப்பாளர் 500 கோடி கொடுப்பார்? டவர் என்றால் உயரமாக இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, பார்த்தாலே சந்தேகம் வருகிறது. பட்சிராஜன் தப்பான ஆளைக் கைகாட்டிவிட்டார், ஆனால் அவர் அழுதது நிஜமான சாவுக்கு.

புதுச்சேரி அரசுக்குக் குயில்தான் அதிகாரபூர்வப் பறவை. 2007இல் அணில், வில்வம், நாகலிங்கப் பூவோடு சேர்த்து அறிவித்தார்கள். பாரதி குயில் பாட்டு எழுதிய ஊர் என்பதால் பொருத்தம்தான். குயிலுக்குக் கூடு கட்டத் தெரியாது, காக்கை கட்டிய கூட்டில் முட்டை வைக்கும். காக்கைக்கு மரம் வேண்டும். அடுத்த வருடம், 2008இல், நகரத்துக்குச் சுமார் 10 கிலோமீட்டர் மேற்கே இருக்கிற ஊசுட்டேரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வரும் ஏரி அது. ஏரிக்கரையில் நின்றுகொண்டு அவற்றை எல்லோரும் எதில் படம் பிடிக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

செல்போன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று 2.0 காட்டியதே, அது ஒரு பகுதி ஜனங்களுக்குப் படமாகத் தெரிந்திருக்காது. படம் வருவதற்கு 13 நாள் முன்னால், 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலும் அடி வாங்கியது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஆட்கள் மைல் கணக்கில் நடந்தார்கள், ஜெனரேட்டர் வைத்திருந்த இடத்தில் சார்ஜ் போட வரிசையில் நின்றார்கள். அதே காற்றில் கோடியக்கரை சரணாலயத்தில் பறவைகளும் மான்களும் செத்து மிதந்தன. போன், பறவை இரண்டும் ஒரே ராத்திரியில் போனது அங்கே. யாருடைய ஆவியும் வந்து எடுத்துப்போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து தியேட்டர்களில் செல்போன்கள் மேலே பறந்தன. படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதியும் இணையத்தில் வந்துவிட்டது, 12,000க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தும்கூட. டவர்களைத் திட்டுகிற படத்தை டவர் வழியாகவே இறக்கி, ஐந்து அங்குலத் திரையில், 3டி கண்ணாடி இல்லாமல் பார்த்து முடித்தார்கள். அந்தத் திரையில் ராட்சசக் கழுகு சிட்டுக்குருவி அளவுக்குத்தான் தெரிந்திருக்கும்.